இரு கோடுகள் செங்குத்தா? சாய்வு, நகர்வு, தொலைவு, கோணம்: எதைக் கொண்டு சோதிப்பது

ஆயத்தொலை வடிவியலில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒன்று உண்டு: இந்த இரண்டு கோடுகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தா? முக்கோணம் செங்கோண முக்கோணமா என்று கேட்டாலும், நாற்கரம் செவ்வகமா என்று கேட்டாலும், ஒரு புள்ளியிலிருந்து கோட்டுக்குக் குத்துக்கோடு வரையச் சொன்னாலும், வட்டத்துக்குத் தொடுகோடு கேட்டாலும் அடியில் இருப்பது இதே கேள்விதான். விடை காண நான்கு வழிகள் இருக்கின்றன. சாய்வுகளைப் பெருக்கி −1 வருகிறதா என்று பார்க்கலாம். ஒவ்வொரு கோட்டிலும் ஒரு புள்ளியிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் கிடை, நிலை நகர்வுகளைப் பெருக்கிக் கூட்டி 0 வருகிறதா என்று பார்க்கலாம். தொலைவுகளைக் கண்டு பிதாகரஸ் தேற்றத்தில் பொருத்திப் பார்க்கலாம். சாய்வுக் கோணங்களின் வித்தியாசம் 90° தானா என்றும் பார்க்கலாம்.

கை முதலில் போவது சாய்வுப் பெருக்கலுக்குத்தான். "சாய்வுகளின் பெருக்கற்பலன் −1" என்ற வரி அவ்வளவு எளிதாக மனப்பாடமாகிவிடுகிறது. ஆனால் ஒரே ஒரு வழியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் நகர்வுப் பெருக்கலைத்தான் எடுப்பேன். தளத்தில் உள்ள எந்த இரண்டு கோடுகளுக்கும் அது விலக்கில்லாமல் பொருந்துகிறது. சாய்வுப் பெருக்கலுக்கு ஒரு விலக்கு இருக்கிறது. அந்த விலக்கு எங்கோ ஒரு மூலையில் ஒளிந்திருப்பதும் அல்ல. நாம் வரையும் படங்களில் மிக அதிகமாக வரும் இடமே அதுதான். கிடைமட்டக் கோடும் நிலைக்குத்துக் கோடும் சந்திக்கும் இடம்.

கிடைமட்டமும் நிலைக்குத்தும்

ஒரு கோட்டில் இரண்டு புள்ளிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக எக்ஸ் அச்சின் திசையில் எவ்வளவு நகர வேண்டுமோ அது கிடை நகர்வு. ஒய் அச்சின் திசையில் நகர வேண்டியது நிலை நகர்வு. நிலை நகர்வைக் கிடை நகர்வால் வகுத்தால் கிடைப்பது சாய்வு.

(−3, 4), (5, 4) ஆகிய புள்ளிகளை இணைக்கும் கோட்டில் கிடை நகர்வு 8, நிலை நகர்வு 0. சாய்வு 0/8, அதாவது 0. எல்லாக் கிடைமட்டக் கோடுகளுக்கும் இதே கதைதான்: எவ்வளவு தூரம் போனாலும் உயரம் மாறவில்லை. (2, 1), (2, 5) ஆகிய புள்ளிகளை இணைக்கும் கோட்டில் கிடை நகர்வு 0, நிலை நகர்வு 4. சாய்வு 4/0 என்றாகிறது. 0 ஆல் எந்த எண்ணைப் பெருக்கினாலும் 4 வராது. ஆகவே 4/0 என்பதற்கு மதிப்பு இல்லை. நிலைக்குத்துக் கோட்டின் சாய்வு வரையறுக்கப்படவில்லை என்று எழுதுகிறோம்.

"சாய்வு 0" என்பதையும் "சாய்வு வரையறுக்கப்படவில்லை" என்பதையும் மாணவர்கள் மாற்றிப் போட்டுக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. 0 என்பது மற்ற எண்களைப் போலவே கணக்கில் கலந்துகொள்ளும் ஓர் எண். கிடைமட்டக் கோட்டுக்குச் சாய்வு உண்டு, அதன் மதிப்பு 0. நிலைக்குத்துக் கோட்டுக்குச் சாய்வு என்ற எண்ணே கிடையாது.

"முடிவிலி என்று சொல்லிவிட்டுப் போனால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி. நிலைக்குத்துக் கோட்டை மிகக் கொஞ்சமாக வலப்பக்கம் சாய்த்து, 1000 அலகு ஏறுவதற்கு 1 அலகு மட்டும் நகரும்படி வைத்தால் சாய்வு 1000. அதே அளவு இடப்பக்கம் சாய்த்தால் −1000. இரண்டு எண்களுக்கும் இடையே 2000 வித்தியாசம். கோடுகளோ கிட்டத்தட்ட ஒன்றின்மேல் ஒன்று கிடக்கின்றன. இடையில் உள்ள கோணம் ஏறத்தாழ 0.11° தான். இன்னொரு பக்கம், 0, 1 என்ற சாய்வுகளுக்கு இடையே எண்ணளவில் ஒன்றுதான் வித்தியாசம், கோணமோ 45°. நிலைக்குத்தை நெருங்க நெருங்கச் சாய்வு ஒரு பக்கம் மேலே பாய்கிறது, மறுபக்கம் கீழே பாய்கிறது. நடுவில் எந்த முடிவிலியை வைப்பது, கூட்டல் குறியோடா கழித்தல் குறியோடா? சரி, ஏதோ ஒன்றை வைத்துக்கொண்டாலும் பயனில்லை. முடிவிலியை 0 ஆல் பெருக்கினால் −1 வரும் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

−1 எங்கிருந்து வருகிறது

விலக்கு ஏன் வருகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் சூத்திரம் பிறந்த இடத்துக்குப் போக வேண்டும். கிடை நகர்வு 3, நிலை நகர்வு 2 உள்ள ஒரு கோட்டை எடுங்கள். அதை இடஞ்சுழியாக 90° திருப்புங்கள். வலப்பக்கம் போன 3 அலகு மேல்நோக்கித் திரும்பிவிடும். மேலே போன 2 அலகு இடப்பக்கம் திரும்பிவிடும். புதிய கோட்டின் கிடை நகர்வு −2, நிலை நகர்வு 3. கட்டத்தாளில் ஒரு முறை வரைந்து, தாளைக் கையால் திருப்பிப் பார்த்தால் இது கண்ணெதிரே நடக்கும். எண்கள் இடம் மாறுகின்றன, ஒன்றின் குறி மாறுகிறது. செங்குத்து என்பதன் முழு இரகசியமும் இந்த இரண்டு செயல்களில் அடங்கியிருக்கிறது.

இப்போது கிடை நகர்வுகள் இரண்டையும் பெருக்குங்கள்: 3 × (−2) = −6. நிலை நகர்வுகள் இரண்டையும் பெருக்குங்கள்: 2 × 3 = 6. கூட்டினால் 0. எந்தக் கோட்டைத் திருப்பினாலும் இந்தக் கூட்டுத்தொகை 0 தான். மேல்வகுப்பில் இரண்டு வெக்டர்களின் புள்ளிப் பெருக்கம் என்று படிப்பதும் இதையேதான். ஆனால் வெக்டர் என்ற பெயரே தெரியாமலும் இந்தச் சோதனையைச் செய்யலாம். கழித்தல், பெருக்கல், கூட்டல் தெரிந்தால் போதும்.

சாய்வுப் பெருக்கல் இதிலிருந்து ஒரே படியில் வந்துவிடுகிறது. "கிடை × கிடை + நிலை × நிலை = 0" என்ற சமன்பாட்டின் இரு பக்கங்களையும் கிடை நகர்வுகளின் பெருக்கற்பலனால் வகுத்தால் முதல் உறுப்பு 1 ஆகிறது; இரண்டாவது உறுப்பு இரு சாய்வுகளின் பெருக்கற்பலன் ஆகிறது. ஆகவே 1 + (சாய்வு × சாய்வு) = 0. நாம் மனப்பாடம் செய்த −1 இதுதான்.

அந்த வகுத்தலைக் கவனியுங்கள். கிடை நகர்வுகளில் ஒன்று 0 ஆக இருந்தால் அந்தப் படியை எடுக்கவே கூடாது. நிலைக்குத்துக் கோடு சூத்திரத்திலிருந்து வெளியே விழுவது அந்த இடத்தில்தான். ஆக, சாய்வுப் பெருக்கல் தவறான சோதனை அல்ல. ஒரு முழுமையான சோதனையிலிருந்து ஒரு துண்டு உதிர்ந்த பிறகு மிஞ்சிய வடிவம். முழுமையானது கையில் இருக்கும்போது உதிர்ந்ததை ஏன் முதலில் எடுக்க வேண்டும் என்பதே என் வாதம்.

அ(2, 1), ஆ(2, 5), இ(7, 1) என்று ஒரு முக்கோணம். படம் வரைந்தால் அ என்ற முனையில் செங்கோணம் இருப்பது குழந்தைக்கும் தெரியும். கிடை, நிலை என்ற வரிசையில் எழுதினால் அஆ என்ற பக்கத்தின் நகர்வு (0, 4). அஇ என்ற பக்கத்தின் நகர்வு (5, 0). நகர்வுப் பெருக்கல்: 0 × 5 + 4 × 0 = 0. செங்குத்து, வேலை முடிந்தது. சாய்வு வழியிலோ ஒன்று வரையறுக்கப்படவில்லை, மற்றொன்று 0. பெருக்க எதுவும் இல்லை. "பெருக்கற்பலன் −1 வரவில்லை, எனவே செங்கோண முக்கோணம் அல்ல" என்று முடித்துவிட்டால் விடை தலைகீழாகிவிடும். சாய்வு வழியில் போகிறவர் இங்கே சூத்திரத்தை ஓரமாக வைத்துவிட்டு, "ஒன்று நிலைக்குத்து, மற்றொன்று கிடைமட்டம், ஆகவே செங்குத்து" என்று தனியாக ஒரு வரி எழுத வேண்டும். எழுதத் தெரிந்தவருக்குச் சிக்கல் இல்லை.

தொலைந்துபோகும் விடை

இந்த அளவோடு முடிந்தால் சாய்வுப் பெருக்கலை மன்னித்துவிடலாம். படத்தைப் பார்த்தாலே நிலைக்குத்துக் கோடு தெரிந்துவிடுகிறதே! ஆனால் ஆயத்தொலைவில் தெரியாத எண் ஒன்று வரும்போது கோடு நிலைக்குத்தா இல்லையா என்பது முன்கூட்டித் தெரியாது.

அ(0, 0), ஆ(த, 3) ஆகியவற்றை இணைக்கும் கோடும், இ(4, 0), ஈ(த, த) ஆகியவற்றை இணைக்கும் கோடும் செங்குத்தாக இருக்க 'த' என்ன என்பது கணக்கு. சாய்வு வழியில் முதல் கோட்டின் சாய்வு 3/த. இரண்டாவதன் சாய்வு த/(த − 4). பெருக்கினால் மேலும் கீழும் உள்ள 'த' அடிபட்டு 3/(த − 4) மிஞ்சும். அதை −1 க்குச் சமமாக்கினால் த − 4 = −3, ஆகவே த = 1. சரிபார்த்தால் பொருந்துகிறது: நகர்வுகள் (1, 3), (−3, 1); கூட்டுத்தொகை −3 + 3 = 0. விடை சரி என்று தாளை மூடிவிடத் தோன்றும்.

நகர்வு வழியில் அதே கணக்கு: நகர்வுகள் (த, 3), (த − 4, த). பெருக்கிக் கூட்டினால் த(த − 4) + 3த = 0. சுருக்கினால் த × த − த = 0, அதாவது த(த − 1) = 0. ஆகவே த = 1 அல்லது த = 0. இரண்டாவது விடை எங்கிருந்து வந்தது? த = 0 என்று போட்டுப் பாருங்கள். ஆ என்பது (0, 3). முதல் கோடு ஒய் அச்சின் மேலேயே நிற்கிறது. ஈ என்பது (0, 0). இரண்டாவது கோடு எக்ஸ் அச்சின் மேல் படுத்திருக்கிறது. அசலான செங்குத்து. சாய்வு வழியில் போனவர் 'த'வை அடித்துவிட்ட அந்த நொடியில் இந்த விடை சத்தமில்லாமல் போய்விட்டது. எந்த எச்சரிக்கையும் வரவில்லை, எந்தப் படியும் தவறாகத் தெரியவில்லை, கிடைத்த விடையும் சரியான விடைதான். பாதி விடை முழு விடை போலவே தோற்றம் அளிக்கும் இந்த நிலையைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்.

பிதாகரஸ் வழி

மூன்று புள்ளிகள் கொடுத்து "செங்கோண முக்கோணமா?" என்று கேட்டால் பலர் தொலைவுச் சூத்திரத்துக்குப் போகிறார்கள். இதற்கு அடிப்படை பிதாகரஸ் தேற்றம் என்று சொல்வது வழக்கம். சரியாகச் சொன்னால் அதன் மறுதலை. யூக்ளிடின் 'எலிமென்ட்ஸ்' முதல் புத்தகத்தில் தேற்றம் 47ஆவது கூற்று, மறுதலை 48ஆவது கூற்று. பக்கங்களின் வர்க்கங்கள் பொருந்தினால் கோணம் செங்கோணம்தான் என்று உறுதி தருவது 48.

இந்த வழியின் பெரிய பலம், எந்த முனையில் செங்கோணம் என்று முன்கூட்டித் தெரிய வேண்டியதில்லை என்பது. மூன்று தொலைவுகளின் வர்க்கங்களையும் கண்டு, மிகப் பெரியது மற்ற இரண்டின் கூட்டுத்தொகையா என்று பார்த்தால் போதும். (1, 2), (4, 4), (−1, 5) என்ற முக்கோணத்தில் வர்க்கங்கள் 13, 13, 26. செங்கோண முக்கோணம் என்பதோடு, இரண்டு பக்கங்கள் சமம் என்ற கூடுதல் செய்தியும் ஒரே மூச்சில் கிடைத்துவிடுகிறது. சாய்வு இதைச் சொல்லாது. நிலைக்குத்துக் கோட்டாலும் இங்கே தொந்தரவு இல்லை. முன்பு பார்த்த (2, 1), (2, 5), (7, 1) என்ற முக்கோணத்தின் வர்க்கங்கள் 16, 25, 41; 16 + 25 = 41. அழகாக முடிகிறது.

வர்க்கமூலம் எடுக்காதீர்கள் என்பது மட்டும் என் வேண்டுகோள். வர்க்கங்களையே ஒப்பிடுவதற்காக வர்க்கமூலம் எடுத்து, மறுபடி வர்க்கப்படுத்துவது வீண் உழைப்பு. தசமத்தில் எழுதிவிட்டால் பிழையும் சேர்ந்துகொள்ளும்.

பலவீனம் எங்கே என்றால், இரண்டு கோட்டுத்துண்டுகளுக்குப் பொதுவான முனை இல்லாதபோது. (0, 0), (5, 0), (8, 4), (3, 4) என்ற சாய்சதுரத்தின் மூலைவிட்டங்கள் செங்குத்தா? பிதாகரஸ் வழியில் முதலில் அவை வெட்டும் புள்ளியைக் கண்டுபிடிக்க வேண்டும், பிறகு முக்கோணம் அமைக்க வேண்டும். நகர்வு வழியில் ஒரு மூலைவிட்டம் (8, 4), மற்றொன்று (−2, 4); −16 + 16 = 0. சாய்வு வழியும் இங்கே விரைவாகத்தான் முடிகிறது: 1/2, −2. கோடுகள் எங்கே இருக்கின்றன என்பதைப் பொருட்படுத்தாமல் திசையை மட்டும் பார்ப்பது இந்த இரண்டு வழிகளுக்கும் பொதுவான சிறப்பு.

கோண வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எக்ஸ் அச்சின் மிகைத் திசையிலிருந்து அளந்தால் கிடைமட்டக் கோட்டின் சாய்வுக் கோணம் 0°, நிலைக்குத்துக் கோட்டினுடையது 90°. இரண்டும் சாதாரண எண்கள், விலக்கு எதுவும் இல்லை. ஆனால் புள்ளிகளிலிருந்து கோணத்துக்குப் போகக் கால்குலேட்டர் வேண்டும். சாய்வு 2/3 என்றால் கோணம் 33.69° என்று தோராயமாகத்தான் வரும். தோராயங்களைக் கழித்துக் கிடைக்கும் 90° ஐ வைத்து நிறுவியதாகச் சொல்ல முடியாது. கோண வழி புரிந்துகொள்ள உதவும், நிறுவ உதவாது.

சாய்வு வெல்லும் இடங்கள்

சாய்வை ஒதுக்கித் தள்ளச் சொல்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு வரைபடம் வடிவத்தைக் காட்டுகிறதா, மாற்றத்தைக் காட்டுகிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். நேரத்தைக் கிடை அச்சிலும் கடந்த தூரத்தை நிலை அச்சிலும் குறித்த வரைபடத்தில் சாய்வுதான் வேகம். கிடைமட்டக் கோடு என்றால் நேரம் போகிறது, பொருள் நகரவில்லை; சாய்வு 0, வேகமும் 0. நிலைக்குத்துக் கோடு என்றால் ஒரே கணத்தில் பல இடங்களில் இருப்பதாகப் பொருள். அப்படி ஒன்று நடக்காது. சாய்வு வரையறுக்கப்படவில்லை என்பது அங்கே உண்மையையே சொல்கிறது. அத்தகைய வரைபடத்தில் நகர்வுப் பெருக்கல் பொருளற்றது. மணியை மணியால் பெருக்கி, கிலோமீட்டரைக் கிலோமீட்டரால் பெருக்கி, இரண்டையும் எப்படிக் கூட்டுவது? இரண்டு கோடுகள் அங்கே செங்குத்தாகத் தெரிந்தால் அது அளவுத்திட்டத்தால் வந்த தற்செயல்தான்.

வடிவங்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். இரண்டு அச்சுகளிலும் ஒரே அளவுத்திட்டம் இருந்தால்தான் சாய்வுகளின் பெருக்கற்பலன் −1 ஆன கோடுகள் கண்ணுக்குச் செங்குத்தாகத் தெரியும். வரைபடக் கால்குலேட்டர்களின் அகலத் திரையில் 2, −1/2 என்ற சாய்வுகள் கொண்ட கோடுகள் கோணலாக வெட்டிக்கொள்வது இதனால்தான். கணக்கில் பிழை இல்லை. திரை ஓர் அச்சை நீட்டியிருக்கிறது.

சமன்பாடு ஏற்கெனவே சாய்வு-வெட்டுத்துண்டு வடிவில் கையில் இருந்தாலும் சாய்வே போதும். ஒய் = 2 எக்ஸ் + 7 என்ற கோட்டுக்குச் செங்குத்தான கோட்டின் சாய்வு −1/2 என்று வாயால் சொல்லிவிடலாம். இந்த வடிவில் நிலைக்குத்துக் கோட்டை எழுதவே முடியாது என்பதால் கொடுத்த கோடு விலக்காக இருக்க வாய்ப்பில்லை. ஆனால் அது கிடைமட்டமாக இருக்கலாம்; ஒய் = 7 என்று கொடுத்தால் செங்குத்துக் கோட்டின் சாய்வு கேட்கும் இடத்தில் தலைகீழி எடுக்க முடியாமல் நிற்க வேண்டியிருக்கும்.

சமன்பாடு பொது வடிவில் இருந்தால் சாய்வுக்கு மாற்றும் வேலையே வேண்டாம். 3 எக்ஸ் + 4 ஒய் = 12 என்ற கோட்டுக்குச் செங்குத்தாக, (2, 5) வழியே செல்லும் கோடு வேண்டும். எக்ஸ், ஒய் ஆகியவற்றின் முன்னுள்ள எண்களான கெழுக்களை இடம் மாற்றி ஒன்றின் குறியை மாற்றினால் 4 எக்ஸ் − 3 ஒய். புள்ளியைப் போட்டால் 8 − 15 = −7. ஆகவே 4 எக்ஸ் − 3 ஒய் = −7. சாய்வு வழியில் −3/4, அதன் தலைகீழி, குறி மாற்றம், புள்ளி-சாய்வு வடிவம், பின்னத்தை நீக்குதல் என்று நடந்து இதே சமன்பாட்டுக்குத்தான் வந்து சேர வேண்டும். எக்ஸ் = 2 என்ற நிலைக்குத்துக் கோட்டைக் கொடுத்தாலும் இதே இடமாற்றம் நடக்கும்: கெழுக்கள் (1, 0) என்பவை (0, −1) ஆகின்றன; −ஒய் = −5, அதாவது ஒய் = 5. தனி வரி எழுதத் தேவையில்லை. இரண்டு சமன்பாடுகள் செங்குத்தா என்று சோதிக்கவும் கெழுக்களை நகர்வுகளைப் போலவே பெருக்கிக் கூட்டிப் பார்த்தால் போதும்.

தேர்வில் "சாய்வைப் பயன்படுத்தி நிறுவுக" என்று கேட்டிருந்தால் வேறு வழியில்லை, சாய்வைத்தான் எழுத வேண்டும். அப்போது பெருக்குவதற்கு முன் இரண்டு கோடுகளின் எக்ஸ் ஆயத்தொலைவுகளையும் ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும். ஏதாவது ஒரு கோட்டில் இரண்டும் சமமாக இருந்தால் அது நிலைக்குத்து. மற்றொன்றின் ஒய் ஆயத்தொலைவுகள் சமமா என்று பார்த்து வார்த்தையிலேயே முடித்துவிடலாம். வழியைக் குறிப்பிடாமல் கேட்டிருந்தால், புள்ளிகள் கொடுத்த இடத்தில் நகர்வு, சமன்பாடு கொடுத்த இடத்தில் கெழு, பக்க அளவுகளும் வேண்டிய இடத்தில் பிதாகரஸ். என் வரிசை இது.

கணினியிடம் கொடுக்கும்போது

இந்தத் தேர்வு வகுப்பறையோடு நின்றுவிடவில்லை. படங்களில் நேர்க்கோடுகளைக் கணினி தானாகக் கண்டுபிடிக்கப் பயன்படும் ஒரு முறைக்குப் பால் ஹஃப் என்பவர் 1962 இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். அதில் ஒவ்வொரு கோடும் சாய்வு, வெட்டுத்துண்டு என்ற இரண்டு எண்களால் குறிக்கப்பட்டது. கோடு நிலைக்குத்தை நெருங்கும்போது இரண்டு எண்களுமே கட்டுக்கடங்காமல் பெருகிவிடும். 1972 இல் ரிச்சர்ட் டூடாவும் பீட்டர் ஹார்ட்டும் அதைக் கைவிட்டு, ஆதியிலிருந்து கோட்டுக்கு வரையும் குத்துக்கோட்டின் நீளத்தையும் அதன் கோணத்தையும் வைத்துக் கோட்டைக் குறித்தார்கள். நிலைக்குத்துக் கோடும் மற்றக் கோடுகளில் ஒன்றாகிவிட்டது. இன்று ஹஃப் உருமாற்றம் என்ற பெயரில் பரவலாகக் கையாளப்படுவது இந்த இரண்டாவது வடிவம்தான். முடிவு எடுத்தவர்கள் தேர்ந்த பொறியாளர்கள். அவர்களையும் திசை மாற்றியது பள்ளியில் நாம் பார்க்கும் அதே நிலைக்குத்துக் கோடு.

நிரல் எழுதுகிறவர்களுக்கு இன்னும் நேரடியான காரணம் உண்டு. சாய்வைக் கணக்கிட 4 ஐ 0 ஆல் வகுக்கச் சொன்னால் பைத்தான் என்ற நிரல்மொழி பிழை என்று அறிவித்து நின்றுவிடும். அதுவாவது நல்லது, தவறு தெரிந்துவிடுகிறது. ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழி நிற்காது. கணினி தசம எண்களைக் கையாளும் விதத்தை வகுத்து 1985 இல் வெளிவந்த ஐ.இ.இ.இ. 754 தரநிலையின்படி முடிவிலி என்ற மதிப்பைத் தந்துவிட்டு மேலே போகும். அந்த முடிவிலியை 0 ஆல் பெருக்கினால் "எண் அல்ல" என்ற சிறப்பு மதிப்பு வரும். அது −1 க்குச் சமமா என்று கேட்டால் "இல்லை" என்றே பதில் வரும். எக்ஸ் அச்சும் ஒய் அச்சும் செங்குத்தல்ல என்று நிரல் அமைதியாகச் சொல்லிவிடும்.

நிலைக்குத்துக் கோடே இல்லாத இடத்திலும் வகுத்தல் கெடுதல் செய்கிறது. நகர்வுகள் (49, 1), (1, −49) என்ற இரண்டு கோடுகள் செங்குத்து என்பதில் ஐயமில்லை: 49 − 49 = 0. சாய்வுகள் 1/49, −49. கணினி வழக்கமாகத் தசமங்களைச் சேமிக்கும் இரட்டைத் துல்லிய எண்களில் 1/49 ஐ முழுமையாக எழுத முடியாது, பெருக்கினால் −0.9999999999999999 வருகிறது. −1 உடன் ஒப்பிட்டால் மறுபடியும் "இல்லை". நகர்வுப் பெருக்கலில் முழு எண்கள் முழு எண்களாகவே இருந்து 0 இல் முடிகின்றன.

ஆயத்தொலைவுகளே தசமங்களாக இருந்தால் நகர்வுப் பெருக்கலிலும் துல்லியமான 0 வராமல் போகலாம். அப்போது "0 க்கு அருகில்" என்று ஓர் எல்லை வைக்க வேண்டும். அந்த எல்லையைக் கூட்டுத்தொகையின் மேல் நேரடியாக வைக்கக் கூடாது. கோட்டுத்துண்டுகளின் நீளம் 1000, 1000 என்றும் கூட்டுத்தொகை 5 என்றும் இருந்தால் கோணம் 89.9997°. நீளம் 2, 3 என்றும் கூட்டுத்தொகை அதே 5 என்றும் இருந்தால் கோணம் சுமார் 34° தான். எனவே கூட்டுத்தொகையை இரண்டு நீளங்களின் பெருக்கற்பலனால் வகுத்துக்கொள்ள வேண்டும். கிடைப்பது இடைக்கோணத்தின் கொசைன். நீளம் 0 ஆக இருந்தால் மட்டுமே இந்த வகுத்தல் தடுமாறும், அப்போது இரண்டு புள்ளிகளும் ஒன்றே, கோடே இல்லை. முப்பரிமாணத்துக்குப் போனால் மூன்றாவது நகர்வுகளின் பெருக்கற்பலனையும் சேர்த்துக் கூட்டினால் இதே சோதனை அப்படியே நடக்கும். சாய்வு என்ற ஒற்றை எண்ணால் அங்கே ஒரு கோட்டின் திசையைச் சொல்லவே முடியாது.